எதிர்வீட்டு ஃபயர் ஸ்டேஷன்

மோதிரம் விரலில் மாட்டிக்கொள்ள மறுத்தது.

ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் மோதிரம் கழற்ற வராமல் சிக்கிக்கொள்ளும். சாருலதாவுக்கு அதைச் சிக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. கல்லூரி முடித்த வருஷம் அப்பா வாங்கிக் கொடுத்த மோதிரம். கணுவுக்கு மேலேயே நின்றுகொண்டு கீழே இறங்க மாட்டேன் என்றது. தேங்காய் எண்ணெய் தடவினாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, அதே வழுக்கலில் வெளியேயும் வந்தது. எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலைத் துடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினாள். கணுவைத் தாண்டி உட்கார்ந்துகொண்டது.

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மறுபடியும், இந்த முறை நேர்மையாக முழு பலத்தோடு இழுத்தாள். அப்போதும் வரவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இல்லாத ஆபத்தை இருக்கிறது என்று சொல்லி ஃபயர் ஸ்டேஷனைக் கூப்பிட அவள் மனசாட்சி இடம் கொடுக்காது. இப்போது ஆபத்து நிஜமாகவே இருந்தது.

பால்கனிக்கு வந்தாள். எதிரே, டிவைடர் போட்ட அகலமான ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஃபயர் ஸ்டேஷன். அதன் சுவரில் சிவப்பு எழுத்தில் போன் நம்பர். அதைப் பார்த்துத்தான் நம்பர் போட்டாள் என்று சொல்லலாம்தான். உண்மையில் அந்த நம்பர் அவளுக்கு எப்போதோ மனப்பாடம்.

சாருலதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. சொந்த ஊர் திருச்சி உறையூர். ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அதாவது மற்றவர்கள் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிற உத்தியோகம். மாமியார் ஆகாமலே மாமியார் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று தங்கை சௌம்யா கிண்டல் செய்வாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் ஒரே காரணம் கிடையாது. முதலில் ஜாதகம், அப்புறம் அப்பாவின் உடம்பு, அதற்கப்புறம் பழக்கம். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்து வேலை என்று ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை. ஏ.எஸ்.ராவ் நகரைத் தாண்டி இந்தக் காலனியில், முதல் மாடியில், லேப்டாப்பும் அவளுமாகக் குடித்தனம்.

எதிரே இருந்த ஸ்டேஷனில் லீடிங் ஃபயர்மேன் தமிழ்ச்செல்வன். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்த குடும்பம். பெயரில் இருந்த தமிழ் பேச்சில் பாதிதான் இருந்தது. மனைவி போய் ரொம்ப வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் பால் பூத்தில் சாருலதா போனில் சௌம்யாவைத் திட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்றவர், "நீங்க நம்ம ஆளா மேடம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் காலையில் பரேடு நிற்கிற நேரத்துக்கு அவளுடைய ஆபீஸ் மீட்டிங் பால்கனிக்கு மாறியது. அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று மேனேஜரிடம் சொன்னாள். மேனேஜர் நம்பினார்.

ஒரு நாள் ட்யூட்டி, மறுநாள் ரெஸ்ட் என்பது அவர்கள் வழக்கம். ரெஸ்ட் நாளில் பால்கனி இருந்தும் இல்லாதது மாதிரி இருக்கும்.

இந்தச் சின்ன சுகத்துக்குத்தான் இப்போது வேட்டு வந்திருந்தது. சாருலதா வீட்டிலும் ஸ்டேஷனிலும் பெருக்கித் துடைக்கிற தாயம்மாள் போன வாரம் செய்தி கொண்டுவந்தாள்.

"ஸ்டேஷன்ல ஆளைக் குறைக்கறாங்களாம்மா. போன் கால் கம்மியா வர்ற ஸ்டேஷன்ல இருந்து ஆளைத் தூக்கி, ஏர்போர்ட் தாண்டிப் புதுசா வர்ற ஸ்டேஷன்ல போடப் போறாங்களாம்."

"யாரை?"

"அது இன்னும் முடிவாகல. பெரிய ஆபீஸ்ல பேசிட்டிருக்காங்களாம். இங்க வேலை ஜாஸ்தின்னு தெரிஞ்சா விட்டுடுவாங்கன்னு பேச்சு."

சாருலதாவுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ஏர்போர்ட் தாண்டி என்றால் ஹைதராபாத்தில் அது வேறு தேசம். கால் குறைவு என்றால் போன் கால்களை அதிகமாக்கினால் போகிறது என்று சாயங்காலத்துக்குள் முடிவு செய்தாள். குறையைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வைப்பதுதானே அவள் தொழில். நெருப்பு, உயிராபத்து என்றெல்லாம் பொய் சொல்லி வண்டியை வரவழைக்கக் கூடாது. நிஜமான இடத்துக்குப் போக வேண்டிய வண்டி அது. வண்டி தேவைப்படாத, ஆள் மட்டும் தேவைப்படுகிற சின்னச் சின்னச் சங்கடங்கள் போதும். அதுவும் அவர் ட்யூட்டி நாளில் மட்டும். ரெஸ்ட் நாளில் கூப்பிட்டு வேறு யாராவது வந்து தொலைத்தால்?

மோதிரத்துக்காக அவள் போட்ட போனை எடுத்தது ஸ்டேஷன் டிரைவர் அப்துல் ரஹீம். அம்மா வழியில் ஆம்பூர்க்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, லைனில் இருங்கள் என்றார். அந்தப் பக்கம் யாரோ தெலுங்கில் சத்தம் போடுவதும், யாரோ பணிவாகப் பதில் சொல்வதும் கேட்டது. கருவிகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சாருலதா நினைத்துக்கொண்டாள். அப்புறம் ரஹீம் சிரித்த குரலில், "வர்றாரு மேடம்" என்றார்.

தமிழ்ச்செல்வன் டிவைடரைத் தாண்டி நடந்தே வந்தார். காக்கிப் பேன்ட்டின் மேல் நீலக் கட்டம் போட்ட சட்டை. யூனிஃபார்ம் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நமக்காகத்தான் என்று தோன்றியதும் சாருலதாவின் விரல் இன்னும் கொஞ்சம் வீங்கியது.

கட்டரால் வெட்ட வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் நூல்கண்டு கேட்டார். நூலின் நுனியை மோதிரத்துக்குள் நுழைத்து, மீதியை விரலைச் சுற்றி நெருக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். அவசரமே இல்லை. நெருப்பை அணைக்கிற கைக்கு இவ்வளவு பொறுமை இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"வலிக்குதா மேடம்?"

"இல்ல."

"கைக்கு டென்ஷன்? நக்கோ. வந்துடும்."

ஹைதராபாத் உருதுவில் கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம். வந்துவிடுமே என்பதுதான் அவள் டென்ஷன். பேச்சை வளர்க்க ஏதாவது வேண்டும் என்று அவருடைய தமிழைப் பற்றிக் கேட்டாள். அம்மா இருந்தவரைக்கும் வீட்டில் தமிழ் இருந்தது என்றார். அம்மா போன பிறகு, கோயிலில் யாராவது பேசினால் நின்று கேட்டுவிட்டு வருவாராம். "உங்ககூடப் பேசுனா அன்னிக்கு ரூமுக்குப் போயும் கொஞ்ச நேரம் தமிழ்லயே யோசிக்கறேன்" என்றார், நூலைப் பார்த்துக்கொண்டே.

நூலின் நுனியை இழுத்துப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் சமர்த்தாக மேலே ஏறி வெளியே வந்தது. சாருலதாவுக்கு அழுகை வரும் போலிருந்தது. வலியால் இல்லை.

காபி கொடுத்தாள். கிளம்பும்போது முக்கியமானதைக் கேட்டாள். "சார், இது ஸ்டேஷன் கணக்குல வருமில்ல?"

அவர் செருப்பை மாட்டுவதில் மும்முரமானார். "சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன் மேடம்."

அடுத்த ட்யூட்டி நாளில் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள். ஆட்டோமேட்டிக் பூட்டு. இதுவும் பொய் இல்லை, நிஜமாகவே வெளியே நின்றாள். தமிழ்ச்செல்வன் ஏணியோடு வந்தார். ஸ்டேஷன் ஏணி இல்லை, பக்கத்துப் பெயின்ட் கடை ஏணி. ஸ்டேஷன் ஏணி இந்தச் சின்ன வேலைக்கு எதற்கு என்றார். என்ன அடக்கம் என்று சாருலதா உருகினாள். குற்றம் கண்டுபிடிப்பதே தொழிலாக இருக்கிறவளுக்கு அன்று எதுவும் கண்ணில் படவில்லை. ஆசை வந்தால் டெஸ்டிங் நின்றுவிடும் போலிருக்கிறது.

பால்கனிக்கு ஏறி, உள்ளே போய், கதவைத் திறந்து, வீட்டுக்காரர் மாதிரி உள்ளே நின்றுகொண்டு, "வாங்க மேடம்" என்றார். அந்தக் காட்சி அவளுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் ஏணியை இறக்கும்போது அது சாய்ந்து, கீழ்வீட்டு பத்ரிநாராயணனின் ரோஜாத் தொட்டிகளை வரிசையாகச் சாய்த்தது. பத்ரிநாராயணன் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் விஞ்ஞானியாக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது காலனி சங்கச் செயலாளர். அவருக்கு நேரம் ஏராளம், கோபம் அதைவிட ஏராளம். ட்யூட்டி நேரத்தில் ஃபயர்மேனுக்கு இங்கே என்ன வேலை, மேலிடத்தில் புகார் செய்யப் போகிறேன் என்று குதித்தார்.

புகார் போனால் எல்லாம் போச்சு. சாருலதா புதுத் தொட்டிகள் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேசினாள். ஸ்டேஷனில் ஆள் குறைக்கப் போகிறார்கள், கால் குறைவு என்று காரணம் சொல்கிறார்கள், நாளைக்கு நம் காலனிக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள் என்று எடுத்துச் சொன்னாள். தன் பங்கைச் சொல்லவில்லை.

பத்ரிநாராயணனின் முகம் மலர்ந்தது. ரிட்டயர் ஆன நாளிலிருந்து அவருக்கு இப்படி ஒரு பிரச்சினை கிடைக்கவே இல்லை. உணர்ச்சிவசப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, எண்ணிக்கையால்தான் அரசாங்கத்தை அசைக்க முடியும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் போட்டு, எந்தச் சின்ன அசௌகரியத்துக்கும் கூச்சப்படாமல் ஸ்டேஷனுக்குப் போன் செய்யுங்கள் என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டார். ஞாபகமாக ட்யூட்டி நாளில், ஞாபகமாக தமிழ்ச்செல்வனைக் கேட்டு, சாருலதா மேடம் சொன்னார்கள் என்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்கு அங்கே மரியாதை இருப்பதை அவர் கவனித்திருந்தார். விஞ்ஞானி அல்லவா.

காலனி கிளம்பிவிட்டது. ஒரு குழந்தையின் தலை கேட் கம்பிக்குள் மாட்டியது. ஒரு பூனை தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி இறங்க யோசித்தது. யாரோ காயப்போட்ட பட்டுப்புடவை பறந்துபோய் வேப்பமரத்தில் உட்கார்ந்தது. கடைசி வீட்டுக் கல்பகம் மாமிக்கு சீலிங் ஃபேன் துடைக்க ஆள் வேண்டியிருந்தது, அதை மின்சார அபாயம் என்று போனில் சொன்னார். எல்லோரும் தவறாமல், "சாருலதா மேடம் சொன்னாங்க" என்றார்கள். தமிழ்ச்செல்வனும் தவறாமல் வந்தார், அதே கட்டம் போட்ட சட்டையில், அதே பெயின்ட் கடை ஏணியோடு.

வந்தார், ஆனால் அவள் வீட்டுக்கு இல்லை. பால்கனியில் நின்று, அவர் தன் வாசலைத் தாண்டி ஏணியைத் தூக்கிக்கொண்டு போவதையும் திரும்பி வருவதையும் பார்த்தாள். ஊருக்கெல்லாம் பந்தி போட்டுவிட்டுத் தன் இலையில் சோறு இல்லாமல் உட்கார்ந்த கதை. தாண்டும்போது அவர் தலையைத் தூக்கி ஒரு சிரிப்புச் சிரிப்பார். களைத்த சிரிப்பு. முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டு வந்தது.

போதும், நிறுத்துங்கள் என்று பத்ரிநாராயணனிடம் சொல்லிப் பார்த்தாள். போர் நடக்கும்போது பின்வாங்கக் கூடாது என்றார் அவர்.

இனி ஒன்றுதான் வழி. அவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஆபீசில் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் குற்றம் எழுதுகிறவளுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் அமையவில்லை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். 'உங்களுக்கு ஆட்சேபனை இல்லையென்றால்' என்று ஆரம்பித்தால் வாடகை வீடு கேட்கிற மாதிரி இருந்தது. 'நாம இரண்டு பேரும்' என்று ஆரம்பித்தால் மூச்சு முட்டியது. கடைசியில், 'சார், தினமும் காபி குடிக்க இங்கயே வந்துடுங்களேன்' என்பதில் வந்து நின்றாள். புரிகிறவருக்குப் புரியும்.

அந்த யோசனையில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். பால் பொங்கி, தீய்ந்து, சமையலறை முழுக்கப் புகை. இந்தத் தடவை அவள் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இருமிக்கொண்டே போன் செய்தாள். நடந்து வருகிறவர் அன்று ஓடி வந்தார். ஜன்னலையெல்லாம் திறந்தார், பாத்திரத்தைத் தண்ணீரில் போட்டார், அவளை பால்கனியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். எத்தனையோ வீடு எரிந்ததைப் பார்த்தவர், ஒரு பால் பாத்திரத்துக்கு இப்படிப் பதறினார்.

"பயந்துட்டேன் மேடம்" என்றார்.

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். புகை கலைந்துகொண்டிருந்தது. எதிரே ஸ்டேஷனில் சிவப்பு வண்டிகள் வெயிலில் நின்றன. இங்கிருந்து பார்த்தால் ஸ்டேஷன் இவ்வளவு பக்கமாகத் தெரிகிறதே என்று அவர் ஆச்சரியப்பட்டார். அவளுக்கு அந்த நிமிஷம் அப்படியே நின்றுவிட்டால் தேவலை என்றிருந்தது. வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது.

"சார், தினமும்…"

அவருடைய செல்போன் அடித்தது. ஸ்டேஷனிலிருந்து ரஹீம். கல்பகம் மாமி வீட்டு இன்னொரு ஃபேன். அவசரமாம். சாருலதா மேடம் சொன்னார்களாம்.

தமிழ்ச்செல்வன் அவளைப் பார்த்தார். இல்லை, நான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மற்றதும் வெளியே வரும் என்று பயந்து சும்மா இருந்தாள். "நீங்க சொன்னா சரி மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அன்று அவளுக்குக் கல்பகம் மாமி மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அதற்கடுத்த வாரம் மேனேஜர் எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். விடிந்ததும் கேப் பிடித்து ஹைடெக் சிட்டி போய், நாளெல்லாம் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பினாள். தாயம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தமிழ்ச்செல்வன் அண்ணனை மாத்திட்டாங்கம்மா. காலையிலயே பெட்டியோட பஸ் ஏறிட்டாரு."

சாருலதாவுக்கு முதலில் புரியவில்லை. எத்தனை பேரை மாற்றினார்கள் என்று கேட்டாள். ஒரே ஒருத்தரைத்தான் என்றாள் தாயம்மாள். மற்றவர்கள் அத்தனை பேரும் இங்கேயே இருக்கிறார்களாம். "போறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் கேட் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னாரும்மா. உங்க பால்கனியப் பாத்துட்டு. நா உங்களுக்குப் போன் போடட்டுமான்னேன். நக்கோன்னுட்டாரு."

சாருலதா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. படியிறங்கி, ரோட்டுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த ரோட்டைத் தாண்டியதே இல்லை. பால் பூத், பஸ் ஸ்டாப், மருந்துக் கடை எல்லாமே இந்தப் பக்கம். ஆட்டோக்கள் ஹாரன் அடித்துத் திட்ட, டிவைடரில் புடவையைத் தூக்கிப் பிடித்து ஏறி இறங்கி, ஸ்டேஷன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

போன் பக்கத்தில் அப்துல் ரஹீம் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. அழுதுவிடக் கூடாது என்பதற்காகக் கோபப்பட்டாள். காலனி முழுக்கக் கூப்பிட்டோம், எத்தனை வேலை செய்தார், ஓய்வில்லாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாரே, அவ்வளவும் மேலிடத்தில் யாருக்கும் தெரியாதா, உழைக்கிற ஆளை விட்டுவிட்டு மற்றவர்களை வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டாள். ரஹீம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு கால் வந்தும் கால் கம்மின்னு அவரை எப்படி அனுப்பலாம்?" என்று முடித்தாள்.

ரஹீம் தலையைக் குனிந்துகொண்டார்.

"கால் கம்மின்னு அவரை அனுப்பல மேடம், லீவு ஜாஸ்தின்னு அனுப்பிட்டாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம், உங்க காலனி, எங்க ஸ்டேஷன் எல்லையே இல்லையே, உங்க பேரைச் சொல்லிப் போன் வந்தப்பல்லாம் அவரு அரைநாள் லீவு சொல்லிட்டுத்தான் டிவைடரைத் தாண்டுனாரு."